உயிரோடு இருப்பவர்களின் சீட்டு

மீலோஸ் தீவில் சூரியன் மறைவதைக் காட்ட ஏழு பேருக்கு மேல் நான் அழைத்துப் போவதில்லை. வழியில் சிறிய கோயில் ஒன்றில் வண்டி நிற்கும். பயணிகளின் பெயர்களை உயிரோடு இருப்பவர்களுக்கான சீட்டில் எழுதிப் பாதிரியாரிடம் கொடுப்பேன். அவர் நலம் வேண்டி வாசிப்பார். இறந்தவர்களுக்கு வேறு சீட்டு.

நேற்றும் ஏழு பெயர்கள்தான் எழுதினேன். அவர் எட்டு வாசித்தார். கடைசிப் பெயர் மரூலியா.

மரூலியா எங்கள் ஓட்டுநர் பந்தெலீஸ் அண்ணனின் மனைவி. பிப்ரவரியில் அடக்கம் செய்தோம்.

"சாமி, அதை நான் எழுதலை," என்றேன்.

"கோழி கிளறின மாதிரி எழுத்து உன்னை விட்டா யாருக்கு வரும், எவாந்தியா?" சீட்டைக் காட்டினார். என் கையெழுத்துதான். "செத்தவங்க பேரு இதுல இருக்கக் கூடாதும்மா. அடிச்சிடு."

வாசலில் நின்ற பந்தெலீஸ் அண்ணன் உள்ளே வந்தார். அடக்கத்துக்குப் பிறகு அவர் யாரிடமும் சரியாகப் பேசியதில்லை.

"வேண்டாம் சாமி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தோன்றியது. பேனாவை மூடிவிட்டேன்.

சூரியன் கடலில் இறங்கியது. பயணிகள் கைதட்டினார்கள். பிறகு ஏழு பேரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்கள். நானும் முன்னால் ஏறிக்கொண்டேன். பந்தெலீஸ் அண்ணன் மட்டும் பின்கதவைப் பிடித்தபடி வெளியே நின்றார்.

யாராவது படியில் கால் வைத்தால் எங்கள் வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாயும். அப்போது அப்படிச் சாய்ந்து, நிமிர்ந்தது.

"மெதுவா. தலை இடிக்கப் போகுது, குனிஞ்சுக்கோ," என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.