விமானத்தின் மூக்கில் ஒரு குண்டு

குண்டுவிமானம் தன் முதல் தாக்குதலை முடித்துத் திரும்பியதும் தளத்திலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். முதல் குண்டின் படத்தை, போட்டவனே விமானத்தின் மூக்கில் வரைய வேண்டும் என்பது அங்கே வழக்கம். மெக்கானிக் தங்கசாமி பிரஷை நீட்டினான். "பாலம் காலிதானே சார்? பெரிசா வரைங்க!"

குண்டைப் போட்ட அற்புதராஜ் அதை வாங்கிக்கொண்டான். எதிரியின் பீரங்கிப் புகையைக் கண்டு பயந்து, பாலத்துக்கு வெகு முன்பே விசையை அழுத்தியிருந்தான். கீழே இருந்தது நடவு வயல். அதைப் பார்த்தவன் வால்பக்கத் துப்பாக்கிக்காரன் பெரியநாயகம் ஒருவன்தான்.

அவன் நெருங்கி வந்து மெல்லச் சொன்னான்: "குண்டு விழுறதுக்கு முன்னாடி, வயல்ல நின்னவங்க நம்மளப் பாத்துக் கையாட்டுனாங்க சார். நானும் ஆட்டிட்டேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அற்புதராஜ் குண்டை வரைந்தான். வரைந்து முடித்த பிறகும் அவன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.