மாட்டாத கதவு

"இங்கே கதவு எங்கே?" என்றார் கார்த் ஹெஸ்லப்.

இப்ஸ்விச் ஊரில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பவர்களுக்கான போட்டிக்கு அவர்தான் நடுவர். கையில் மதிப்பெண் அட்டை, காதில் பேனா.

நோலீனுக்கு அதுவரை எல்லாம் ஜோராகத்தான் போய்க்கொண்டிருந்தது. நூற்றுமுப்பது வயது மரவீடு. ஜாக்கி வைத்துத் தூக்கி, புதுக் கால்களில் நிறுத்தியிருந்தார்கள். பலகைச் சுவர்களை அவளும் புருஷன் டெஸ்ஸும் பதினோரு மாதம் கையாலேயே சுரண்டினார்கள். ஏசி ஓடுகிறது, எங்கிருந்து என்று தெரியாது. நடுவரே இரண்டு தடவை "பிரமாதம்" என்றுவிட்டார். முதல் பரிசுத் தகட்டை வாசல் கேட்டில் எங்கே பதிப்பது என்று அவள் போன வாரமே அளந்து வைத்தாயிற்று.

"கதவு வீட்டுக்கு அடியிலே பத்திரமா இருக்கு. செடார் மரம், ஒரு கீறல் இல்லே. நாங்கதான் மாட்டலே."

"ஏன்?"

"மனசு வரலே."

நடுவர் வெறும் நிலை வழியாக எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம், முன் வராந்தாவின் மூலையைச் சிமென்ட் அட்டையால் அடைத்து ஓர் அறை.

"இது வேறயா? வீட்டை இவ்வளவு அழகாக்கிட்டு, மூஞ்சியிலே பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கீங்களே. எல்லாரும் இதைத்தான் முதல்ல பிடுங்கிப் போடுவாங்க."

"எழுபத்துநாலு வெள்ளத்திலே அடைச்ச அறை. கீழ்த் தெரு முழுகினப்ப பன்னிரண்டு பேர் மூணு மாசம் இங்கேதான் படுத்தாங்க. அப்ப வீட்டுக்காரி ரூபின்னு ஒருத்தி."

"எங்க வீடும்தான் முழுகிச்சு. அதுக்காக அசிங்கத்துக்குப் பரிசு கொடுக்க முடியுமா?"

டெஸ் அவள் காதருகே குனிந்தான். "சொல்லித் தொலையேன். தகடு கைநழுவிப் போகுது."

"பரிசுக்காகச் சொன்னா அதுக்குப் பேர் பிச்சை. நீ சும்மா இரு."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனசு தகட்டை விடவில்லை. பதினோரு மாத உழைப்பு.

நடுவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "அறையைப் பிரிச்சுட்டு, கதவை மாட்டறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முதல் பரிசுன்னு இப்பவே எழுதறேன்."

"பிரிக்க மாட்டேன். இந்த வீட்டுக்குப் பெருமையே இந்த அறைதான். உங்க பரிசை நீங்களே வெச்சுக்குங்க."

"உங்க இஷ்டம். ஆனா குறையை நேர்ல பார்த்துத்தான் எழுதணும்."

பேனாவை உருவிக்கொண்டு உள்ளே போனார். பலகைச் சுவரில் அந்தப் பக்கம் மட்டும் பெயின்ட் இல்லை. பென்சிலில் வரிவரியாக எழுத்து.

"என்ன கிறுக்கல் இது?"

"ரூபி எழுதினது. யாருக்கு எந்தப் படுக்கை, யாருக்கு என்ன தேவைன்னு."

அவர் விரல் வைத்துப் படித்தார். 'ஜோன், பால் ஒத்துக்கொள்ளாது.' 'ஐவர், இருமல். ஜன்னல் பக்கம் வேண்டாம்.'

மூன்றாவது வரியில் விரல் நின்றது. நோலீன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

'ஹெஸ்லப் வீட்டு கார்த், நாலு வயது. கதவைச் சாத்தினால் அழுகிறான். கதவைக் கழற்றிவிட்டேன்.'