ஒரு முடி அளவு

கணவனின் படகு கரை திரும்பாத நான்காம் நாள் காலை, அவனைத் தேடிப் போக மிச்சமிருந்த பழைய படகின் எஞ்சினை மணலில் பிரித்துப் போட்டிருந்தாள் மரியஞானம். பெட்ரோல் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினால், அலை ஏறும்போதெல்லாம் எண்ணெய் போதாமல் எஞ்சின் அணைந்தது. எண்ணெயை அளந்து விடும் பித்தளை ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டர்.

“பெருசா ஓட்டையப் போட்டுருங்க, மைனி. அள்ளிக் குடிக்கட்டும்,” என்றான் கொழுந்தன் சூசை.

“ரெண்டு மடங்கு அகலம் போட்டா நாலு மடங்கு எண்ணெ போவும். மூச்சுமுட்டி நின்னுரும்.”

ஈர மணலில் விரலால் கணக்குப் போட்டாள். எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும். அதற்குத் துளை பத்தில் ஒரு பங்கு அகன்றால் போதும். ஒரு தலைமுடியின் கனம். பழைய துளைக்குச் சரியாக இருந்த கம்பியைக் கையில் எடுத்தாள்.

அப்போது தெருப் பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களில் மூத்தவள் மரியஞானத்தின் பின்னால் உட்கார்ந்து அவள் கொண்டையில் கை வைத்தாள்.

“அவுத்துப் போட்டு அழுதுருடி. நாலு நாளாச்சி.”

மரியஞானம் அந்தக் கையை விலக்கிவிட்டு, கொண்டையிலிருந்து ஒரே ஒரு முடியைப் பிடுங்கிக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தாள். துளைக்குள் நுழையவில்லை. ஊசி அரத்தை நாலு சுற்றுச் சுற்றினாள். பின்னால் ஒப்பாரி தொடங்கியது. இன்னும் இரண்டு சுற்று. கம்பியும் முடியும் ஒன்றாக உள்ளே போயின.

ஜெட்டை மாட்டி, எஞ்சினைச் சேர்த்துப் படகில் பொருத்தினாள்; சூசை படகைத் தண்ணீரில் தள்ளினான். கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு படகில் ஏறிக் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் சத்தத்தில் ஒப்பாரி கேட்கவில்லை. முதல் அலை எதிரே எழுந்தது.