விற்ற படகு

காலையில் கிளம்பியதிலிருந்து அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை.

விவாகரத்தான புருஷனை என்னவென்று கூப்பிடுவதாம்? "தண்ணி வேணுமா", "வெயில் ஏறுது" என்று மொட்டையாகவே பேசிக்கொண்டு வந்தேன். அவரும் கடலைப் பார்த்தே பதில் சொன்னார்.

இந்தப் பாய்மரப் படகு ஒன்றுதான் இன்னும் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. அதையும் விற்றாகிவிட்டது. அடுத்த துறைமுகத்தில் வாங்கியவர் காத்திருக்கிறார். ஒப்படைத்துவிட்டால் இவர் வழி இவருக்கு, என் வழி எனக்கு. ஓட்டிப்போக இரண்டு ஆள் வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பயணம்கூட வாய்த்திருக்காது.

திடீரென்று மேற்கே வானம் கறுத்தது. காற்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து அறைந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய, தண்ணீர் உள்ளே ஏறியது.

"ஏங்க!"

என்னை அறியாமல் வந்துவிட்டது.

"இதோம்மா, நீ சுக்கானைப் பிடி!"

அவருக்கும்தான்.

நான் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பினேன். பாய் தளர்ந்து படபடத்தது. அவர் தவழ்ந்துபோய் அதைப் பாதிக்கு இறக்கி, சுருட்டிக் கட்டினார். ஒருவருக்கொருவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு கட்டிலை நகர்த்துவதற்கே தெருவைக் கூட்டிச் சண்டை போட்டவர்கள் நாங்கள்.

மழை கண்ணைத் திறக்க விடவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் இது இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். புத்தி கெட்டவள்.

வேண்டுதல் பலிக்கவில்லை. வந்த வேகத்திலேயே போய்விட்டது. கடல் பெட்டிப் பாம்பாக அடங்கியது. தூரத்தில் துறைமுகம் தெரிந்தது.

முன்பக்கம் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: "காத்து போயிடுச்சு. எஞ்சினைப் போடு, சீக்கிரம் கரை சேர்ந்துடலாம்."

"ஸ்டார்ட் ஆகலீங்க" என்றேன்.

சாவியை நான் தொடவே இல்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கீழே எஞ்சினிடம் இறங்கிப் போனார். அது லேசாக முனகினாலே என்ன கோளாறு என்று சொல்லிவிடுகிற மனுஷன். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். முகமெல்லாம் சூடாகிவிட்டது.

மேலே ஏறி வந்தவர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தார். துடைப்பதற்கு அந்தக் கையில் ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை.

"ஆமாம்மா, ரொம்ப மோசமாத்தான் இருக்கு" என்றார். "மெதுவாத்தான் போகணும்."