முப்பது கிராம்

"கடையை மூடுறதுக்கு வேற வழியே கிடைக்கலையாண்ணே?"

எதிர்க்கடை முத்துக்குமரன் கேட்டுவிட்டுச் சிரித்தான். பிரின்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்ததை எழுதி முடித்தார்.

'எங்கள் கடைத் தராசு கிலோவுக்கு முப்பது கிராம் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. இங்கே சாமான் வாங்கியவர்கள், குறைந்ததை வந்து பெற்றுக்கொள்ளவும்.'

கல்லாவில் இருந்த அவர் மனைவி ஷீபா எட்டி அதைப் படித்தாள். போடி பஜாரில் அந்தப் பலசரக்குக் கடைக்கு இருந்த சொத்தே அதன் பேர்தான். அடுத்த தெருவில் ஏசி போட்ட பெரிய கடை வந்த பிறகும் ஜனம் இங்கே படியேறுவது அந்தப் பேருக்காகத்தான். அதையும் இந்த மனுஷன் தன் கையாலேயே அழிக்கிறாரே.

எடை சரிதான் என்று வருஷாவருஷம் அரசாங்கம் போடும் முத்திரைக்காகத் தராசைக் கொண்டுபோன இடத்தில்தான் கோளாறு தெரிந்தது. போன முத்திரையின்போது சரியாக இருந்தது. நடுவில் எப்போது கெட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"அதான் புதுத் தராசு வாங்கியாச்சுல்ல? பேசாம இருங்க" என்றாள் ஷீபா. "வேணும்னா செஞ்சோம்? வேதத்துல கள்ளத் தராசைத்தான் ஆகாதுன்னு சொல்லிருக்கு."

"தெரியாமக் குறைச்சதை வச்சுக்கலாம்னு சொல்லலையே."

"கடையைக் காலி பண்ணுன்னும் சொல்லலை."

பிரின்ஸ் சிரித்தபடி பலகையைத் தூக்கிப்போய் வாசலில் சாத்தினார்.

சிலர் படித்துவிட்டு, "போங்க அண்ணாச்சி, இதுக்குப் போயி" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். பலர் பையோடு வந்தார்கள். யார் எவ்வளவு வாங்கினேன் என்று சொன்னார்களோ, அதற்குத் தக்கபடி பிரின்ஸ் நிறுத்துப் போட்டார்.

ஜோதிலட்சுமியும் வந்தாள். "பருப்பு, சீனி எல்லாமே மாசாமாசம் உங்ககிட்டதான அண்ணாச்சி" என்றாள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஷீபா கொதித்தாள். "ஏசிக் கடைப் பையைத் தூக்கிக்கிட்டு தினமும் நம்ம வாசல் வழியாத்தான் அவ போறா. நீங்களும் பாத்திருக்கீக."

"பாத்திருக்கேன்."

"பெறகு?"

"அது அவுக தராசு, ஷீபா. அதுக்கு நான் முத்திரை போட முடியாது."

உளுந்து டின்னில் அடித்தகரம் தெரிய ஆரம்பித்த நேரத்தில், மொக்கைச்சாமி தோளில் ஒரு சாக்கு மூட்டையோடு படியேறி வந்தார். பொட்டிப்புரத்துச் சம்சாரி. மொச்சை விளைந்தால் இந்தக் கடைக்குத்தான் கொண்டுவந்து போடுவார். நிறுக்கும்போது தராசுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுப் படிப்பார். ஒரு பயறு கீழே சிந்தினாலும் பொறுக்கி மேலே போடுகிற ஆள்.

'இவரு ஒருத்தர்தான் பாக்கி' என்று நினைத்துக்கொண்டாள் ஷீபா. 'மொச்சையை வித்த மாதிரியும் ஆச்சு, மிச்சம் மீதி இருக்கிறதை வாரிக்கிட்டுப் போன மாதிரியும் ஆச்சு.'

மொக்கைச்சாமி மூட்டையை இறக்கிவைத்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பஸ்ஸுல பேசிக்கிட்டாக. நெசந்தானா அண்ணாச்சி?"

"நெசந்தான்."

"கிலோவுக்கு எம்புட்டு?"

"முப்பது கிராம்."

"எம்புட்டு நாளா?"

"தெரியலை. போன முத்திரையில இருந்துன்னே வச்சுக்கிட்டேன்."

மொக்கைச்சாமி கட்டைவிரலால் விரல்கணுக்களை எண்ண ஆரம்பித்தார். "நூறு கிலோவுக்கு மூணு கிலோ" என்று முணுமுணுத்தார். "தை மாசத்தையும் சேக்கணும்ல?"

"சேக்கணும்" என்றார் பிரின்ஸ்.

ஷீபாவால் பொறுக்க முடியவில்லை. "ஒரு மாசத்தையும் விட்டுறாதீக. எல்லாத்தையும் சேத்துக்கங்க" என்றாள்.

"அதான் தாயி, விட்டுறக் கூடாதுல்ல" என்றார் அவர். எண்ணிக்கொண்டிருந்த விரலை எடுக்கவில்லை. எண்ணி முடித்ததும் பிரின்ஸைப் பார்த்தார். "விக்கிறதுக்கு ஒண்ணு, வாங்குறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு தராசு வச்சிருந்தீகளா? இல்ல ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ரெண்டு வைக்கிறது எங்க வேதப்படி பாவம்."

"அப்பச் சரி. இந்த மொச்சையைப் புதுத் தராசுல போடுங்க."

"அதை அப்பறம் நிறுக்கலாம்" என்று இடைமறித்தாள் ஷீபா. "முதல்ல நீங்க எங்ககிட்ட என்னென்ன சாமான் வாங்கினீகன்னு சொல்லுங்க. குறைஞ்சதைக் கொடுத்து அனுப்பிடுறோம்."

"நான் எங்க இங்கன வாங்கினேன்? எங்க வீட்டுக்கு உப்புல இருந்து எல்லாமே தேவாரம் பஜாருலதான்."

ஷீபா எழுந்தே விட்டாள். "பாத்தீகளா? ஒரு தீப்பெட்டி வாங்கினது இல்லையாம். வாங்காத ஆளுக்கு என்னய்யா குறைஞ்சுது?"

மொக்கைச்சாமிக்குக் கோபம் வரவில்லை. மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"எனக்குக் குறையலை தாயி, கூடிருச்சு. ஒங்களுக்கு நான் மொச்சை போட்டப்பவும் அதே தராசு முப்பது கிராம் கூடத்தான காட்டிருக்கும்? அந்தக் குறையைத்தான் கொண்டாந்திருக்கேன்."