நாப்பதுல ஏழாம் நம்பர்

"நீங்க உப்புப் போட்டுத்தான் சாப்பிடறீங்களா?"

வீட்டுக்கு வந்த மனுஷனை உட்காருங்கன்னுகூடச் சொல்லாம இப்படித்தான் ஆரம்பிச்சாரு லிப்ட் மெக்கானிக். வந்தவரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஞாயித்துக்கிழமை காலையில, ஒரே ஒரு போன்ல, சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடி வந்திருந்தாரு.

மேஜை மேல ஒரு வெல்வெட் துணி. துணி மேல ஒரு மடக்குக் கத்தி. கொம்புப் பிடி, விரல் நீளம், அந்தக் காலத்துல சட்டைப்பையில போட்டுக்கிட்டுத் திரிவாங்களே, அந்த மாடல். பட்டறைக்காரரு மொத்தமே நாப்பதுதான் செஞ்சு, நம்பர் குத்தி, அதோட நிறுத்திட்டாரு. இது ஏழாம் நம்பர்.

இப்படிக் கத்தி சேர்க்கிறவங்க முப்பது பேரு போன்ல ஒரு குரூப் வச்சிருக்காங்க. விப்பாங்க, வாங்குவாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்குவாங்க. வேடிக்கை என்னன்னா, பெட்டி பெட்டியாக் கத்தி வச்சிருப்பாங்க, எதையும் வெட்டமாட்டாங்க. வெட்டினா மதிப்புப் பாதியாயிடும். தீட்டினா அவ்வளவுதான், இரும்புக் கடைக்குப் போடலாம்.

போன வருஷம் மெக்கானிக் சம்சாரத்தோட தம்பி, விருந்துக்கு வந்த இடத்துல, ஒரு கத்தியை எடுத்து நகம் வெட்டிட்டான். சின்னப் பையன்கூட இல்ல, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். அன்னிக்கு இலையில பாதியில எந்திரிச்சுப் போனவன்தான், இன்னிக்கு வரைக்கும் அந்த வாசப்படி மிதிக்கல. அது கிடக்கட்டும்.

மெக்கானிக் கோபம் அப்படி. ஒரு தடவை ஆஸ்பத்திரி லிப்ட் நடுவழியில நின்னுபோச்சு. உள்ள மாட்டிக்கிட்ட டாக்டர் கதவைத் தட்டினாராம். தட்டாதேன்னு அவரைப் பத்து நிமிஷம் திட்டி முடிச்சிட்டுத்தான் இவரு இறக்கிவிட்டாரு. ஏன் திட்டினேன்னு கேட்ட மேலதிகாரிக்கும் விழுந்துச்சு.

கத்திக்கு வருவோம். போன திங்கக்கிழமைதான், மெக்கானிக் தன்னோட ரெண்டு கத்தியைக் கடைக்காரர்கிட்டக் குடுத்து இந்த ஏழாம் நம்பரை மாத்திக்கிட்டாரு. கூட்டாளிகிட்ட வாங்கும்போது லென்ஸ் வச்சுப் பார்க்கிறது அவங்களுக்குள்ள பெரிய அவமரியாதை. அதனால பார்க்கல. இன்னிக்குக் காலையில ஆசையா எடுத்து லென்ஸ் வச்சா, வெட்டுற விளிம்பு முழுக்கத் தீட்டின கீறல்.

"பத்து வருஷப் பழக்கம்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கினேன். எல்லாருக்கும் கண்ணு சோதிக்கிறவரு, உங்க கண்ணுக்கு இது தெரியலையா?"

கடைக்காரர் லென்ஸை வாங்கிப் பார்த்தாரு. நெத்தி சுருங்கிச்சு.

"என்கிட்ட இருந்தப்ப இது இல்லங்க."

"அப்ப கத்தியே கால் முளைச்சு சாணைக்காரன்கிட்டப் போயிட்டு வந்துச்சாக்கும்?"

"சத்தியமா நான் தீட்டல. பார்த்தாப் புதுக் கீறலாத் தெரியுது. இங்க வந்த பிறகு யாராவது..."

"என் வீட்டு ஆளுங்களைச் சொல்றியா?"

மரியாதை போயிடுச்சு. மேஜையில விழுந்த அறையில கத்தி ஒரு துள்ளு துள்ளிச்சு.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் சம்சாரம் தண்ணி கொண்டாந்தா. டம்ளர் தளும்பி, துணியெல்லாம் ஈரம்.

"கையில என்ன வாதமா?"ன்னு அவளுக்கும் ஒண்ணு விழுந்துச்சு. அவ குனிஞ்சு துடைச்சா.

கடைக்காரர் அவளைப் பார்த்தாரு. அப்புறம் லென்ஸை மெதுவாக் கீழ வச்சாரு.

"நான்தாங்க தீட்டினேன். தப்புதான்."

"வந்தியா வழிக்கு."

"இதை நான் எடுத்துக்கிறேன். உங்க ரெண்டு கத்தியையும் மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து குடுத்திடறேன்."

சொன்ன மாதிரியே கொண்டாந்து குடுத்தாரு. அதோட விட்டாரா மெக்கானிக்? நடந்ததை ஒரு வரி விடாம குரூப்புல போட்டாரு. ஆளாளுக்குக் காறித் துப்பினாங்க. மூணு மணிக்கெல்லாம் கடைக்காரரை குரூப்பை விட்டே தூக்கிட்டாங்க. அந்த குரூப்பை ஆரம்பிச்சதே அவருதான்.

மெக்கானிக்குக் கோபம் இன்னும் அடங்கல, ஆனா உள்ளுக்குள்ள ஒரு குளுகுளுப்பு. சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"மொதல்ல சத்தியம் பண்ணினான் பார்த்தியா? ஒரு சத்தம் போட்டேன், கக்கிட்டான். மனுஷனுக்குப் பயம் இருக்கணும். குரூப்பை விட்டே தூக்கியாச்சு."

பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த சம்சாரம் குழாயை மூடினா.

"தூக்கிட்டீங்களா?"

"இனிமே ஒருத்தன் அவன்கிட்ட கத்தி வாங்கமாட்டான்."

"அந்தக் கத்தியைத் தீட்டினது நான்."

"என்னது?"

"ஒரு மாசமா இந்தக் குழாய் ஒழுகுது. ஊரு லிப்டெல்லாம் ஏத்தி இறக்கறீங்க, ஒரு வாஷர் போட உங்களுக்கு நேரமில்ல. வியாழக்கிழமை பழைய செருப்பு ரப்பரை அறுத்து நானே போட்டேன். கைக்குக் கிடைச்சது அந்தக் கத்திதான். பழைய வாஷரை நோண்டும்போது குழாய் இரும்புல பட்டு கூர் மழுங்கிப்போச்சு. பதறிப்போய் பீங்கான் கப்பைக் கவுத்து, அடியில இருக்கிற சொரசொரப்புல தேய்ச்சுத் தீட்டி, துடைச்சு, இருந்த இடத்துலயே வச்சேன். காலையில இருந்து சோறு இறங்கல. திட்டறதுன்னா திட்டிக்குங்க."

மெக்கானிக்குத் திட்டத்தான் வாய் வந்துச்சு. ஆனா கேள்வி முந்திக்கிச்சு.

"அப்புறம் அந்தாளு எதுக்குடி ஒத்துக்கிட்டான்? என் சத்தத்துக்குப் பயந்துதானே?"

அவ ஈரக் கையைத் துண்டுல துடைச்சா.

"அவரு எங்க பயந்தாரு? நான் உங்களுக்கு எப்படிப் பயப்படறேன்னு பார்த்தாரு. அதான் ஒத்துக்கிட்டாரு."