மாமா செருகாத வயர்

“காருக்கு வயர் செருகிப்போட்டு வாறன், பிள்ளை.”

“இப்பதானே செருகினீங்கள் மாமா?”

“குளிர் கூடுது. ஒருக்காப் பாத்திட்டு வாறன்.”

தன் மகன் வதனிமேல் கை ஓங்கும்போதெல்லாம் மாமா அவளிடம் இதையே சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார். மின்சாரத்தில் சூடேற்றி என்ஜினை உறையாமல் காக்கும் அந்த வயரைப் பிடித்தபடி, உள்ளே சத்தம் அடங்கும்வரை பனியில் நிற்பார். நேற்று மாலை கணவன் சிவநேசன் வதனியின் தலையைப் பிரிட்ஜில் மோதியபோதும், ஜன்னலுக்கு வெளியே தன் மாமனாரின் முதுகைத்தான் அவள் கண்டாள்.

விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினாள். திறப்பைத் திருகினாள். என்ஜின் ஒருமுறை முனகி அடங்கிப்போனது. வயர் பனிமேல் கிடந்தது. நேற்று அவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர் செருக மறந்திருந்தார்.

பனி அள்ளும் சவளோடு சிவநேசன் வந்தான். முதல் அடியிலேயே பக்கக் கண்ணாடி நொறுங்கி அவள் மடியில் கொட்டியது.

“எங்கையடி ஓடப் பாக்கிறாய்? இறங்கடி!”

உடைந்த ஜன்னல் வழியே கைவிட்டு அவள் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து இழுத்தான். கண்ணாடி கழுத்தைக் கிழித்தது. மகள் வீரிட்டாள்.

மாமா படியிறங்கி வந்தார். காருக்கு முன்னால் குனிந்து வயரை எடுத்தார்.

“இந்தா செருகிறன், பிள்ளை. கொஞ்சத்தில சூடாகீடும்.”

கல்யாணமான நாளிலிருந்து தொண்டையில் நின்றதை வதனி அப்போது கத்திச் சொன்னாள்.

“வயரை விடுங்கோ மாமா! உங்கட மகனைப் பிடியுங்கோ!”